டேலி ஆகாத ஓர் எண்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பராமரிப்புத் தொகையை இனி ஆன்லைனில் மட்டுமே வாங்கலாமா என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது நினைவிருக்கும். அப்போது ஒரு பெரியவர் எழுந்து, "பேங்க் பக்கத்துல மேலே ஒரு பூட்டுப் படம் வருதே, அந்தப் பூட்டை எவனாவது உடைச்சா என்ன சார் பண்றது?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். அது சிரிக்கிற கேள்வி இல்லை. "நீங்கதானே பேங்க்ல இருந்தீங்க, அடுத்த மாசம் நீங்களே சொல்லிடுங்க" என்று செயலாளர் என் தலையில் கட்டிவிட்டார். நான் படித்தது பி.காம். கணிதத்தில் பட்டம் இல்லை. ஆனால் எண்களோடு முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

பூட்டைப் பற்றிப் பேசுவதற்கு ஒரே ஓர் எண் போதும். போர்டில் எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

14,75,73,95,25,89,67,64,12,927

மொத்தம் 21 இலக்கம். கோடி கோடியாகப் படித்தால் பதினான்கு லட்சத்து எழுபத்தைந்தாயிரத்து எழுநூற்று முப்பத்தொன்பது கோடி கோடி, அதற்கு மேல் சில்லறை. சில்லறை என்று நான் சொல்வதே ஐம்பத்திரண்டு லட்சம் கோடிக்கு மேல். இது ரூபாயாக இருந்து, உலகத்தில் உள்ள சுமார் 800 கோடி பேருக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்கு 1,844 கோடி ரூபாய் கிடைக்கும். நம் லிஃப்ட் ரிப்பேருக்குப் போதும் என்று நினைக்கிறேன்.

இந்த எண் எப்படி வந்தது? சதுரங்கக் கட்டத்தில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதை எல்லோருக்கும் தெரியும். 64 கட்டம் இருக்கிறது. பலகைக்கு வெளியே இன்னும் மூன்று கட்டம் ஒட்டி, 67 கட்டத்திலும் வைத்த நெல்லைக் கூட்டினால் வருவது இந்த எண்தான். அதாவது 67 இரண்டுகளைப் பெருக்கி, அதிலிருந்து ஒன்றைக் கழித்தது.

இப்படி இரண்டைத் திரும்பத் திரும்பப் பெருக்கி ஒன்றைக் கழித்து வரும் எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மாரின் மெர்சென் பாரிஸில் வாழ்ந்த ஒரு கிறிஸ்தவத் துறவி. 1644-இல் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார். இரண்டை எத்தனை தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண் கிடைக்கும் என்பதற்கான பட்டியல் அது. 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இந்த எல்லை வரை வேறு எதுவும் கிடையாது என்றார். பகா எண் என்றால் தெரியும் அல்லவா? ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும் எண்: 7, 13, 31 மாதிரி.

அவ்வளவு பெரிய எண்களை அந்தக் காலத்தில் எப்படிச் சரிபார்த்திருக்க முடியும் என்று அப்போதே பலருக்குச் சந்தேகம். ஆனாலும் இருநூறு வருஷத்துக்கு மேல் அந்தப் பட்டியல் அப்படியே நின்றது. பெரியவர் கையெழுத்துப் போட்ட ஸ்டேட்மெண்ட்டை யாரும் மறுபடி கூட்டிப் பார்ப்பதில்லை என்பது ஆபீஸில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை.

பட்டியலில் தவறு இருந்தது. 61, 89, 107 மூன்றும் விட்டுப்போயிருந்தன. 67-ம் 257-ம் வரக்கூடாது, வந்திருந்தன. இதில் 61 என்பது 67 என்று தவறிப் பதிவாகியிருக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. ஒன்றையும் ஏழையும் குழப்பிய செலான்களை எத்தனையோ பார்த்தவன் நான். எனக்கு அது நம்பும்படியாகத்தான் இருக்கிறது. நிரூபணம் கிடையாது.

67 தவறு என்று காட்டியவர் எட்வார்ட் லூகா என்ற பிரெஞ்சுக்காரர், 1876-இல். வேடிக்கை என்னவென்றால், இந்த 21 இலக்க எண் பகா எண் இல்லை, ஏதோ இரண்டு எண்களின் பெருக்கல்தான் என்று உறுதியாகச் சொன்னார். எந்த இரண்டு என்று சொல்ல அவரால் முடியவில்லை.

இது எப்படி என்று பிள்ளைகள் கேட்பீர்கள். பேங்க்கில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிது இல்லை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அரையாண்டுக் கணக்கு முடிக்கும்போது லெட்ஜர் பாலன்ஸை எல்லாம் எடுத்து எழுதி, கூட்டி, ஜெனரல் லெட்ஜரோடு ஒத்துப் பார்ப்போம். டேலி ஆகவில்லை என்றால் எங்கேயோ பிழை இருக்கிறது என்பது அந்த நிமிஷமே நிச்சயம். எந்தப் பேரேட்டில், எந்தப் பக்கத்தில் என்று தெரியாது. அதைத் தேடுவதற்கு ராத்திரி பத்து மணி வரை உட்கார வேண்டும். பிழை இருக்கிறது என்று அறிவது ஒரு வேலை, பிழையைக் கண்டுபிடிப்பது வேறு வேலை.

லூகாவின் சோதனையும் ஒரு டேலி பார்க்கும் வழிதான். பின்னால் லேமர் என்ற அமெரிக்கர் அதை எளிமையாக்கினார். அந்த வடிவத்தைச் சொல்கிறேன். 4-இல் தொடங்குங்கள். அதையே அதால் பெருக்கி 2 கழியுங்கள். சோதிக்க வேண்டிய எண்ணால் வகுத்து மீதியை வையுங்கள். அந்த மீதியோடு அதையே மறுபடி செய்யுங்கள். எத்தனை இரண்டுகளைப் பெருக்கினோமோ அதைவிட இரண்டு குறைவான தடவை செய்தால் போதும். கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை.

31-ஐப் பார்ப்போம். அது ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்தது, அதனால் மூன்று தடவை. 4 நான்கு 16, இரண்டு போனால் 14. பதினான்கு பதினான்கு 196, இரண்டு போனால் 194, 31-ஆல் வகுத்தால் மீதி 8. எட்டெட்டு 64, இரண்டு போனால் 62, மீதி பூஜ்யம். டேலி! 31 பகா எண். இதே மாதிரி 2047-ஐ (பதினொரு இரண்டுகள், கழித்தல் ஒன்று) ஒன்பது தடவை செய்து பார்த்தால் கடைசியில் நிற்பது 1736. டேலி ஆகவில்லை. 2047 என்பது 23 பெருக்கல் 89. ஆனால் அந்த 1736-ஐ எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் 23-ஓ 89-ஓ அதில் தெரியாது.

நம் 21 இலக்க எண்ணும் அப்படித்தான் டேலி ஆகாமல் 27 வருஷம் கிடந்தது.

1903, அக்டோபர் 31, சனிக்கிழமை. நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் பேச வேண்டிய முறை. எழுந்து கரும்பலகைக்குப் போனார். ஒன்றும் பேசவில்லை. இரண்டை 67 தடவை பெருக்கினார், ஒன்றைக் கழித்தார். பலகையில் இன்னொரு பக்கம் போய் இரண்டு எண்களை எழுதினார்: 19,37,07,721, இன்னொன்று 7,61,83,82,57,287. நாம் பள்ளியில் செய்கிற மாதிரியே வரிசை வரிசையாகப் பெருக்கினார். இரண்டு பக்கமும் ஒரே எண். சாக்பீஸை வைத்துவிட்டுத் தன் இருக்கையில் போய் உட்கார்ந்தார். அரங்கம் கைதட்டியது.

இந்தக் காட்சியை எரிக் டெம்பிள் பெல் என்ற கணித ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். பல வருஷம் கழித்து எழுதியது. கொஞ்சம் தாளிப்பு இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நாள் ஆயிற்று என்று பெல் கேட்டதற்கு, "மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்" என்று கோல் சொன்னாராம். தாளிப்பு எப்படியோ, பருப்பு நன்றாக வெந்திருக்கிறது: எண்கள் சரி. அதை நீங்களே இங்கே சரிபார்க்கலாம்.

செக்கிங் ஆபீசர் கையில் கால்குலேட்டர் இல்லாத காலத்து வழி சொல்கிறேன். ஒன்பதைத் தள்ளுவது. முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 1, 9, 3, 7, 0, 7, 7, 2, 1. மொத்தம் 37; மூன்றும் ஏழும் 10; ஒன்றும் பூஜ்யமும் 1. இரண்டாவது எண்ணின் இலக்கங்கள் 64, ஆறும் நான்கும் 10, அதுவும் 1. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று. அப்படியென்றால் பெருக்கி வந்த பெரிய எண்ணும் ஒன்றில்தான் முடிய வேண்டும். அதன் 21 இலக்கங்களைக் கூட்டினால் 109, கூட்டினால் 10, கூட்டினால் 1. சரி!

ஆனால் ஒன்பதை மட்டும் நம்பக்கூடாது. இலக்கம் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாதே. 4,583 என்பதை 4,853 என்று எழுதினால் வித்தியாசம் 270, ஒன்பதால் வகுபடும். எங்கள் காலத்தில் வித்தியாசத் தொகை ஒன்பதால் வகுபட்டால் உடனே இடம் மாறிய இலக்கத்தைத்தான் முதலில் தேடுவோம். அதே காரணத்தால் ஒன்பதைத் தள்ளும் சோதனை அந்தப் பிழையைப் பிடிக்காமல் விட்டுவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் மாறியதைப் பிடிக்க 11 வேண்டும். வலமிருந்து ஒன்று விட்டு ஒன்று கூட்டிக் கழித்து, 11-ஆல் வகுத்த மீதி. முதல் எண்ணுக்கு 9, இரண்டாவதற்கு 8. ஒன்பதெட்டு 72, அதை 11-ஆல் வகுத்தால் மீதி 6. பெரிய எண்ணுக்கும் மீதி 6 வருகிறது. வீட்டுக்குப் போய்ச் செய்து பாருங்கள்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

கோல் பலகையில் செய்த பெருக்கல் ஒன்பது இலக்கமும் பன்னிரண்டு இலக்கமும். ஒற்றை இலக்கப் பெருக்கல் 108. (ஆமாம், 108. பிள்ளையாரைச் சுற்றுகிற எண்ணிக்கைதான்.) பேனாவும் பேப்பரும் இருந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடும்.

அந்த இரண்டு எண்களைக் கண்டுபிடிப்பது? கண்ட எண்ணால் எல்லாம் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு சட்டம் உண்டு. 67-ஐ வைத்துச் செய்த மெர்சென் எண்ணை வகுக்கக்கூடிய எந்த எண்ணும் 134-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்கும். 135, 269, 403 என்று போகும் வரிசை. (2047-க்கு 22-இன் மடங்கோடு ஒன்று: 23, 89. பாருங்கள், சரியாக இருக்கிறது.) இந்த வரிசையில் கோலின் சிறிய எண் 14,45,580-ஆவது இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு சட்டத்தால் அதில் பாதியைத் தள்ளலாம். 3, 5, 7, 11-ஆல் வகுபடுவதையும் தள்ளலாம். அப்படியும் சுமார் மூன்று லட்சம் எண்கள் மிஞ்சும். கையால் ஒரு வகுத்தலுக்குப் பத்து நிமிஷம் வைத்துக்கொண்டால் 50,000 மணி நேரம். மூன்று வருஷத்தில் 156 ஞாயிறு, ஒரு ஞாயிற்றுக்குப் பத்து மணி நேரம் என்றால் 1,560 மணி நேரம்தான். இந்த வழியில் போயிருந்தால் நூறு வருஷம் பக்கம் ஆகியிருக்கும். கோல் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வடிகட்டிகளை வைத்துத்தான் மூன்று வருஷத்தில் முடித்தார்.

பெருக்க ஒரு மணி நேரம், பிரிக்க மூன்று வருஷம். பூட்டு என்பது இந்த ஏற்றத்தாழ்வுதான்.

1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் என்ற மூன்று பேர் இதிலிருந்து ஒரு பூட்டு செய்தார்கள். மூவரின் முதலெழுத்தையும் சேர்த்து ஆர்.எஸ்.ஏ. என்று அதற்குப் பெயர். இரண்டு பெரிய பகா எண்களை ரகசியமாக வைத்துக்கொள். அவற்றைப் பெருக்கி வந்ததை ஊருக்கே காட்டு. ஊரில் யாரும் அந்தப் பெரிய எண்ணை வைத்துச் செய்தியைப் பூட்டலாம். திறப்பதற்கு அந்த இரண்டு எண்கள் வேண்டும், அவை உன்னிடம் மட்டுமே. பேங்க்கின் கம்ப்யூட்டர், தான் உண்மையிலேயே அந்த பேங்க்தான் என்று உங்கள் போனுக்கு நிரூபிப்பதற்கும் இந்தக் கணக்கு உதவுகிறது. எல்லாப் பூட்டும் இந்த வகை அல்ல, வேறு கணக்கில் செய்த பூட்டுகளும் புழக்கத்தில் உண்டு. ஆனால் அடிப்படை அதே: போக எளிது, திரும்பக் கடினம்.

அந்த 1977-லேயே, சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில் மார்ட்டின் கார்ட்னர் தன் பகுதியில் அவர்களுடைய 129 இலக்க எண் ஒன்றை வெளியிட்டார். அதை வைத்துப் பூட்டிய செய்தியைத் திறந்து காட்டினால் 100 டாலர் பரிசு. உடைக்க 400 கோடி கோடி வருஷம் ஆகும் என்று மதிப்பீடு. எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா? பதினேழு. 1994-இல் சுமார் 600 தன்னார்வலர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களைச் சேர்த்து எட்டு மாதத்தில் பிரித்துவிட்டார்கள். 2020-இல் 250 இலக்க எண் ஒன்று பிரிந்தது. கோலின் மூன்று வருஷ ஞாயிறுகளை இன்று ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர் கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். அதனால்தான் பூட்டையும் பெரிதாக்கிக்கொண்டே போகிறார்கள். இன்று வழக்கத்தில் இருக்கும் ஆர்.எஸ்.ஏ. எண்ணுக்கு 617 இலக்கம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பெரிய எண்ணைப் பிரிப்பது கட்டாயம் கடினம்தான் என்று இன்று வரை யாரும் நிரூபிக்கவில்லை. யாருக்கும் சுலப வழி அகப்படவில்லை, அவ்வளவுதான். குவாண்டம் கம்ப்யூட்டர் பெரிய அளவில் வந்தால் சுலப வழி உண்டு என்று பீட்டர் ஷோர் 1994-லேயே காட்டிவிட்டார். அதற்கு ஈடு கொடுக்கும் புதிய பூட்டுகளின் தர நிர்ணயத்தை 2024-இல் அமெரிக்க அரசு நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. அந்தக் கவலையைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆக, பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில்: அந்தப் பூட்டை உடைத்து நம் பணத்தை யாரும் எடுக்கப் போவதில்லை. திருடனுக்கு அந்தச் சிரமம் எதற்கு? நம் வளாகத்திலேயே ஒருவருக்கு "கூரியர் வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று போன் வந்தது. சொன்னார். பணம் போயிற்று. அங்கே எந்தப் பகா எண்ணும் பிரியவில்லை. பூட்டு கடைசி வரை பூட்டியே இருந்தது, சாவியை வாசலில் நின்று நாமே கொடுத்தோம். அவரை யாரும் கேலி செய்ய வேண்டாம். அந்தப் பக்கம் பேசுகிறவன் தினமும் அதையே தொழிலாகச் செய்கிறவன்.

இன்னொன்று. பூட்டுப் படத்துக்கு அர்த்தம், உங்களுக்கும் மேலே எழுதியிருக்கும் அந்த முகவரிக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டும்தான். அந்த முகவரியில் இருப்பவன் யோக்கியன் என்று அர்த்தம் இல்லை. பேங்க் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைத்திருக்கும் போலிப் பக்கத்துக்கும் அதே பூட்டு கிடைக்கும். நாம் பத்திரமாக, ரகசியமாக, திருடனுக்கே பாஸ்வேர்டை அனுப்பிக்கொண்டிருப்போம். அதனால் மெசேஜில் வந்த லிங்க்கைத் தொடாதீர்கள். முகவரியை நீங்களே அடியுங்கள், அல்லது பேங்க்கின் ஆப்பைத் திறங்கள்.

சங்கத்துக்கு என் வேண்டுகோளையும் இங்கேயே வைக்கிறேன். ஆன்லைன் கட்டணம் நல்லதுதான், நானே அப்படித்தான் கட்டுகிறேன். ஆனால் "மட்டுமே" என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள். எண்பது வயதில் பழக்கமில்லாத ஒருவர், அபராதத்துக்குப் பயந்து, பக்கத்தில் யாரோ ஒருவரிடம் போனைக் கொடுத்து "நீயே கட்டிடுப்பா" என்று சொல்கிற நிலையை நாம் உண்டாக்கக்கூடாது. 617 இலக்கப் பூட்டு அந்த இடத்தில் ஒன்றுக்கும் உதவாது. செக் பெட்டி இன்னும் கொஞ்ச காலம் ஆபீஸ் வாசலில் இருக்கட்டும். மாதம் பத்து இருபது செக்கை எழுதி பேங்க்கில் போடுவது கஷ்டம் என்றால், அந்த வேலையை நான் செய்கிறேன்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். 29 இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழித்தால் வருவது 53,68,70,911. இது மூன்று பகா எண்களின் பெருக்கல். ஒரு குறிப்பு மட்டும்: மூன்றுமே 58-இன் மடங்கோடு ஒன்று கூட்டியவை. முதல் எண் சீக்கிரமே அகப்பட்டுவிடும், மற்ற இரண்டுக்குக் கொஞ்சம் வியர்க்கும். போனில் தேடினால் ஒரு நொடியில் கிடைக்கும், அதனால் வழிமுறையையும் சேர்த்துத் தாளில் எழுதி அந்தச் செக் பெட்டியில் போடுங்கள். பின்னால் பிளாட் நம்பர் எழுத மறக்க வேண்டாம். விடை அடுத்த இதழில்.